தலையும் காலும் மூடிய கடிதம்

ஆங்கில ஆசிரியை பள்ளிக் கோப்பில் கிடைத்த இரண்டு பழைய கடிதங்களைப் பள்ளி அலுவலகத்து டைப்பிஸ்ட்டின் மேஜைமேல் வைத்தார். நாற்பது பிரதி வேண்டும். தேதி, முகவரி, கையெழுத்து எல்லாவற்றையும் வெள்ளைத் தாளால் மூடிவிட்டு எடுக்க வேண்டும். ஒப்பிட்டு எழுதும் பாடத்துக்கு அதுதான் அவர் வழக்கம். எழுத்தைப் பார்த்தாலே எழுதியவரின் குணம் தெரிந்துவிடும் என்பார். இரண்டாவதைப் படித்தால் சிரிப்பு வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

டைப்பிஸ்ட் இரண்டாவதை எடுத்துப் பார்த்தாள். அது அவள் அடித்த கடிதம்.

பதினோரு வருடத்துக்கு முன்பு ஆய்வகத்தில் நுண்ணோக்கி ஒன்று உடைந்தது. உடைத்தவன் பெரிய இடத்துப் பையன். அவன் அப்பா தலைமையாசிரியர் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார்: நடந்தது வருந்தத்தக்கது, பிள்ளைகள் உள்ள இடத்தில் இது சகஜம். ஆனாலும் யார் தலையிலாவது கட்ட வேண்டுமே. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ஆய்வகத்தைப் பெருக்கும் அம்மாளைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லையென்றால் வீடு. தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் ஆங்கிலத்தில் அடித்தாள்: நான் புத்தி கெட்டவள், என் கை சும்மா இருக்காது. ‘தங்கள் காலில் விழுகிறேன்’ என்பது அவளே சேர்த்தது. பிரமாதம் என்று அவர் மெச்சினார். ஆங்கிலம் தெரியாத அந்த அம்மாள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இன்றுவரை காலையில் பெருக்க வரும்போதெல்லாம் அவள் இவளை, “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்காமல் போனதில்லை.

அவளுடைய மகள் ஆசிரியையின் வகுப்பில்தான் படிக்கிறாள். பெயர்தான் மூடியிருக்கிறதே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு டைப்பிஸ்ட் நாற்பது பிரதியையும் எடுத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தவள் வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே ஒரே சிரிப்பு. அந்த மகள்தான் எழுந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“முதல் ஆள் கண்ணியமானவர் மிஸ். ரெண்டாவது பொம்பளைக்குத் தன்மானமே இல்ல. திருடிட்டு மாட்டிக்கிட்டவ மாதிரி குழையுறா. படிக்கவே அருவருப்பா இருக்கு.”

ஆசிரியை, அப்படியே எழுது என்றார். பேனா தாளைத் தொடுவதற்குள் டைப்பிஸ்ட் உள்ளே வந்துவிட்டாள். பெற்றவளைப் பற்றிப் பிள்ளை கையாலேயே அப்படி எழுதவைத்தால் கடவுள் முகத்தில் எப்படி விழிப்பது?

“எழுதாதம்மா. அந்த வார்த்தையெல்லாம் என்னுது. அருவருப்பு என்மேல படணும்.”

யாருடைய கையெழுத்து, அவள் என்ன வேலை பார்ப்பவள் என்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை ஒளிக்காமல் சொன்னாள்: முதல் கடிதம் எழுதியவர் உட்கார்ந்திருந்தார், இரண்டாவதில் கையெழுத்துப் போட்டவள் ஒரு மணி நேரம் நின்றாள். ஒரே அறை, ஒரே நாள், உடைந்ததும் ஒரே பொருள். கண்ணியமெல்லாம் நாற்காலியோடு வந்தது. ஆசிரியை கையிலிருந்த தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

“அப்போ அவங்க நிஜமா என்னதான்க்கா சொன்னாங்க?” என்று கேட்டாள் மகள்.

“நான் தொடவே இல்லைங்கன்னு மூணு தடவை சொன்னாங்க.”

“அதை நீங்க அடிக்கல.”

“இல்லம்மா. அடிக்கல.”

அந்தப் பெண் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். எச்சிலை மிதித்தவர்கள் தங்கள் காலைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. டைப்பிஸ்ட் தலை குனியாமல் அதை வாங்கிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் முகம் மெல்ல இளகியது.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாது.”

“சொல்லிடாதீங்க. பாவம், தாங்க மாட்டாங்க.”