மச்சினி கண்டுபிடித்த பாதி

அந்த ஒர்க்‌ஷாப்பில் கரெண்டு வேலை என்றாலே பல வருஷமாக அவன் ஒருவன்தான். மனைவியின் தங்கைக்கும் அதே தொழில் என்று அவனே முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டான். அன்றைக்குப் பிடித்தது வினை. "பாப்பாகிட்ட காட்டுங்க" என்று முதலாளி அவளைக் கைகாட்டும்போதெல்லாம் அவனுக்குப் பொறுக்காது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் தங்கச்சி புராணம்.

ஒருநாள் காலையில் டாக்டரம்மா ஒருவரின் காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, சாவியைத் திருப்பினால் மூச்சுப்பேச்சில்லை.

"இத நான் பாத்துக்கறேன்" என்று அவன் முந்திக்கொண்டான். பேட்டரி தெம்பாகத்தான் இருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த சின்ன ஃப்யூஸ்களைப் பிடுங்கிப் பார்த்தான், எல்லாம் முழுசு. சாவி ஸ்விட்சுதான் போச்சு என்று முடிவுகட்டி, ஸ்டியரிங்கைச் சுற்றியிருந்ததையெல்லாம் கழற்றிப் பரப்பினான். மதியமாகியும் கார் கண் திறக்கவில்லை.

முதலாளி பொறுமையிழந்தார். "பாப்பா, கொஞ்சம் இங்க வாம்மா."

மச்சினி டெஸ்ட் லைட்டோடு வந்தாள். "சாவி போடாமலே அடிக்கிற ஹாரனே அடிக்கலியே மாமா. பேட்டரிய விட்டு கரெண்டே வெளிய வரலயோ?"

பேட்டரியை ஒட்டியிருந்த பெட்டியைத் திறந்தாள். மெயின் ஃப்யூஸின் ஒரு முனையில் வைத்தபோது லைட் எரிந்தது. மறுமுனையில் எரியவில்லை. நடுத்தகடு உருகிக் கருகிக் கிடந்தது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். அவனுக்கு முகம் செத்துவிட்டது.

அவள் புது ஃப்யூஸைப் பொருத்தியதும் பட்டென்று பொறி பறந்து அதுவும் போயிற்று. அவனுக்குள் குளுகுளுவென்றிருந்தது. காரணம் அவனுக்குத் தெரியும். இந்த ரக வண்டியில் முன்பே பார்த்திருக்கிறான். வாயைத் திறக்காமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். படட்டும்!

அவள் திரும்பினாள். "எங்கயோ வயர் வண்டி பாடில உரசுது. எனக்குப் பிடிபடல மாமா. உங்களுக்குத் தெரியுமா?"

முதலாளியும் அவனைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் இவனுக்கும் தெரியவில்லை என்றல்லவா நினைப்பார்? அதை அவனால் தாங்க முடியவில்லை.

"ஆல்டர்னேட்டருக்குப் பின்னாடி பாரு" என்று வெடுக்கென்று சொன்னான்.

அங்கேதான் இருந்தது. அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த வயரின் தோல் உரிந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயரை மாற்றி, ஃப்யூஸும் போட்டதும் கார் உறுமிக்கொண்டு எழுந்தது.

வண்டியை எடுக்க வந்த டாக்டரம்மா அவளுக்கு நன்றி சொன்னார். அவள் தலையாட்டி மறுத்தாள். "பாதிதான் நான் கண்டுபிடிச்சேன். கோளாறோட வேர் எங்கன்னு சொன்னது எங்க மாமா."

முதலாளி அவன் முதுகில் தட்டினார். அவனுக்கோ எரிச்சல் இன்னும் ஏறியது. அந்தப் பாராட்டையும் அவளல்லவா எடுத்துக் கையில் கொடுத்தாள்! இனி அவளைத் திட்டக்கூட ஒரு சாக்கு இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி ஆரம்பித்தாள். "தங்கச்சி போன் பண்ணினா. உங்களத் தலைமேல தூக்கி வச்சுப் பேசினா. என்ன மனசு பாருங்க அவளுக்கு!"

அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையை நெடுநேரம் சோப்புப் போட்டுத் தேய்த்தான்.