பதினேழாம் எண்

வெள்ளிக்கிழமை காலை நூலகத்தைத் திறந்தபோது குன்சுலுதான் முதல் ஆள். பைக்குள் ஒரு பொட்டலம் பௌர்சாக் இருந்தது, வீட்டில் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, இன்னும் சூடு ஆறவில்லை. நூலகர் லாரிசாவுக்காகக் கொண்டுவந்தது. சான்றுத் தாளை வாங்குவதற்கு முன்னால் கொடுத்தால் லஞ்சம் மாதிரி இருக்கும், வாங்கிய பிறகு கொடுத்தால் நன்றி என்று பேருந்தில் வரும்போதே யோசித்து, பையின் அடியில் தள்ளி வைத்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதிலும் அவள் அப்படித்தான்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். அதில் ‘ஹிர்ஷ் எண்: 3’ என்று அச்சாகியிருக்க வேண்டும். ஒருவர் எழுதிய கட்டுரைகளில் மூன்றை, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோளாகக் காட்டியிருந்தால் எண் மூன்று. அவ்வளவுதான் சூத்திரம். ஆராய்ச்சியாளருக்கு மூளை எவ்வளவு, முதுகெலும்பு எவ்வளவு என்பதையெல்லாம் அது அளக்காது. குன்சுலுவின் இரண்டு கட்டுரைகளுக்கு அந்த யோகம் கிடைத்திருந்தது. மூன்றாவதை இரண்டு பேர்தான் காட்டியிருந்தார்கள். ஒன்று குறைந்தது.

அந்த ஒன்றில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. அலதாவ் மலைச்சரிவில் காட்டு ஆப்பிளை மறுபடி வளர்க்க ஐந்து வருடத் திட்டம் ஒன்றை அறிவித்திருந்தார்கள். யார் தலைவரோ அவர் கையில் சரிவு. ஆனால் எண் மூன்று இல்லாதவர் தலைவராக முடியாது. திங்கட்கிழமை மாலையோடு விண்ணப்பம் முடிகிறது.

அந்த மூன்றாவது கட்டுரை சும்மா வந்ததில்லை. ஏழு குளிர்காலம் மேற்சரிவில் விதைகளை வலைத்துணியில் கட்டிப் பனிக்கடியில் புதைத்தாள். வாரம் ஒருமுறை போய்த் தோண்டியெடுத்து, ஈரப் பஞ்சில் வைத்து, முளைக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு விரல் நுனிகளில் இன்றும் உணர்ச்சி இல்லை. கடைசியில் தெரிந்தது ஒரு சின்ன எண்: தொண்ணூற்று நான்கு. மேற்சரிவு விதைக்குத் தொண்ணூற்று நான்கு நாள் குளிர் வேண்டும். குறைந்தால் அது கண்ணைத் திறக்காது. போலந்தில் ஒரு சின்ன ஆய்விதழில் அது வெளியானது. உலகம் ஒன்றும் திரும்பிப் பார்த்துவிடவில்லை.

திரும்பிப் பார்த்தவள் பகிலா. ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது விடுதியில் ஒரே அறை. இருவருக்கும் சேர்த்து ஒரே குளிர்கோட்டு, ஒருத்தி வெளியே போனால் இன்னொருத்தி அடுப்படியில் இருக்க வேண்டும். இப்போது பகிலாவுக்கு எண் ஐந்து. ஜெர்மனியின் பெரிய ஆய்விதழில் காட்டு ஆப்பிள் பற்றி அவள் கட்டுரை வரப்போகிறது என்று தெரிந்ததும் மார்ச் மாதம் குன்சுலுவைச் சமையலறையில் உட்கார வைத்து, மேற்கோள் பட்டியலில் விரலை வைத்துக் காட்டினாள்.

"பதினேழு யாருன்னு பாரு. நீதான்டி. இது வெளியானதும் நீ மூணு. சரிவு உன்னுது."

குன்சுலு அன்று அழுதேவிட்டாள். பகிலா அவள் கன்னத்தைக் கிள்ளி, "இதுக்குப் போய் அழறியே, கழுதை" என்றாள்.

மே மாதம் பிழை திருத்துவதற்கான அச்சுப்படி வந்தது. "அட்டவணையை மட்டும் பாத்துக் குடுடி, உன் கண்ணு மாதிரி வராது" என்று பகிலா அனுப்பினாள். குன்சுலு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தாள். தொண்ணூற்று நான்கு என்பது ஓரிடத்தில் நாற்பத்தொன்பது என்று விழுந்திருந்தது. அதையும் அவளே திருத்தினாள். கடைசிப் பக்கத்துப் பட்டியலை மட்டும் பார்க்கவில்லை. குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள். தன் பெயர் இருக்கிறதா என்று தானே தேடுவது உயாத், வெட்கக்கேடு. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஒரு சொல்லைக் கேட்டே வளர்ந்தவள்.

"லாரிசா, கொஞ்சம் பாரேன். இந்த மாசம் ஒண்ணு கூடியிருக்கும்."

லாரிசா திரையைப் பார்த்தாள். "ரெண்டுன்னுதான் காட்டுது அக்கா."

"பகிலாவோட கட்டுரை இன்னும் ஏறலையோ என்னவோ."

"அது ஏறி ஒம்பது நாளாச்சே. இருங்க, தெறந்து பாப்போம்."

கட்டுரை திறந்தது. ‘மேற்சரிவு விதைகளுக்குத் தொண்ணூற்று நான்கு நாள் குளிர் தேவை’ என்ற வரி இருந்தது. வரியின் முடிவில் பதினேழு என்ற எண்ணும் இருந்தது. லாரிசா பட்டியலுக்கு இறங்கினாள். பதினேழில் நிறுவன இயக்குநர் ஒராஸ்பெக்கின் பெயர் இருந்தது. ‘ஆப்பிள் இலையில் கரும்புள்ளி நோய்: ஒரு பார்வை’. முழங்கால் வலி என்று அந்தச் சரிவில் கால் வைக்காத மனிதர்.

குன்சுலு பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தாள். நாற்பது பெயர்கள் இருந்தன. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

"ஏதோ தப்பு நடந்திருக்கும்" என்றாள், லாரிசாவுக்கு ஆறுதல் சொல்வது போல.

"இருந்தா என்ன அக்கா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே விண்ணப்பம் போடறீங்க? பகிலா அக்கா அந்த ஆப்பிள் திட்டத்துக்குத் தலைவரா விண்ணப்பிக்கத் தாளை ஏப்ரல்லயே வாங்கிட்டுப் போயிட்டாங்களே."

"ஏப்ரல்லயா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அச்சுப்படி வந்தது மே மாதம். தாளைப் பகிலா அதற்கும் முன்னாலேயே வாங்கியிருக்கிறாள். பௌர்சாக் பொட்டலத்தை மேஜையில் வைத்தது குன்சுலுவுக்கு நினைவில்லை. லஞ்சமாகவும் இல்லாமல், நன்றியாகவும் இல்லாமல் அது அங்கேயே கிடந்தது.

மறுநாள் பகல் பகிலா வீட்டில் விருந்து. அந்த ஊர் வழக்கப்படி புதுக் கார் வாங்கினாலும் ‘கழுவ’ வேண்டும், புது வீடு வாங்கினாலும் கழுவ வேண்டும். தண்ணீரால் அல்ல, கறியாலும் சாராயத்தாலும். இப்போது கட்டுரையைக் கழுவுகிறார்கள். ‘குன்சுலு இல்லாம எனக்கு என்ன விருந்து’ என்று போன வாரமே பகிலா சொல்லியிருந்தாள். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் குன்சுலு காலையில் நினைத்தாள். பிறகு நல்ல உடையை எடுத்து உடுத்திக்கொண்டு போனாள்.

சமையலறையில் பகிலா பெரிய பாத்திரத்திலிருந்து சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா! வெங்காயத்தை வெட்டு, நேரமாச்சு."

"பதினேழுல யாருடி?"

பகிலா திரும்பவில்லை. "ஒராஸ்பெக் அகாய் கேட்டார்டி. இயக்குநர் பேர் இல்லாத கட்டுரைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். ஆய்விதழ்ல நாப்பதுக்கு மேல மேற்கோள் கூடாதுன்னு விதி. யாரையாவது எடுத்தாகணும்."

"நாப்பது பேர்ல நான்தான் கெடச்சேனா?"

"நீ கோவிச்சுக்க மாட்டேன்னு தெரியும்."

குன்சுலு வெங்காயத்தைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"அதோட அச்சுப்படி உன்கிட்டதானே இருந்துச்சு? மூணு நாள் வச்சிருந்தே. ஒரு வார்த்தை சொல்லல. சரி, சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்."

"ஏப்ரல்ல தலைவர் தாள் வாங்கினியே. அதுவும் அகாய் சொல்லித்தானா?"

கரண்டி நின்றது. பாத்திரத்திலிருந்து ஆவி மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது.

"உனக்கு மூணு வருமோ வராதோன்னு... யாராவது ஒருத்தர் தயாரா இருக்கணும்ல."

"வராம பாத்துக்கிட்டவ நீதான்டி."

"பேசாதடி, உள்ள கேக்கும். வேலையெல்லாம் நீதான் செய்யப்போறே, சரிவுல நீதான் நிக்கப்போறே. பேர் மட்டுந்தானே என்னுது? பேரை வச்சு நீ என்ன பண்ணப்போறே?"

இருபத்தாறு வருடமாக நெஞ்சில் வைத்திருந்த ஒருத்தி, நெஞ்சை எட்டி உதைத்தது போல இருந்தது குன்சுலுவுக்கு. கிண்ணங்கள் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் உள்ளே போனாள். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கூடத்தில் நீளமான மேஜை, பதினைந்து பேர். நடுவில் ஒராஸ்பெக் அகாய், அவர் முன்னால் வேக வைத்த ஆட்டுத்தலை. தலையை அறுத்து யாருக்கு எந்தத் துண்டு என்று பங்கு கொடுப்பது மூத்த விருந்தாளியின் மரியாதை. அவர் ஆளுக்கொரு துண்டு நீட்டினார். ஒவ்வொருவராக எழுந்து பகிலாவை வாழ்த்தினார்கள். ஜெர்மனியே இந்த நிறுவனத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டதாக ஒருவர் சொன்னார்.

"அடுத்து குன்சுலு" என்றார் அகாய், கத்தியால் அவளைக் காட்டி. "உசிர்த்தோழி நீதான் நல்லா சொல்லணும். அப்படியே அந்தக் கீழ்ச்சரிவு விதைக்கு எத்தனை நாள் குளிருன்னும் சொல்லிடு. பகிலா படிவத்துல அந்த ஒரு கட்டம் காலியா கெடக்கு. திங்கக்கிழமை வந்துடுச்சு."

கீழ்ச்சரிவின் குறிப்பேடு குன்சுலுவின் அலமாரியில் இருந்தது. இன்னும் எங்கேயும் வெளியிடாதது. வேறு யாருக்கும் தெரியாது.

தேநீர்க் கிண்ணத்தோடு எழுந்தாள்.

"அகாய், அதை நீங்கதான் சொல்லணும்."

"நானா?"

"மேற்சரிவுக்குத் தொண்ணூத்து நாலுன்னு கண்டுபிடிச்சதே நீங்கதானே. பகிலாவோட கட்டுரைல பதினேழாவது மேற்கோளைப் பாருங்க. உங்க பேர்தான் இருக்கு. மேல கண்டுபிடிச்சவருக்குக் கீழ தெரியாமலா போகும்?"

யாரோ சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். அகாய் சிரிக்கவில்லை. கத்தியைத் தட்டில் வைத்தார்.

"நான் எழுதினது கரும்புள்ளியைப் பத்தி. முன்னுரைல எங்கேயாவது ஒரு ஓரத்துல போடுன்னுதான் சொன்னேன். பதினேழுல யாரு போடச் சொன்னது?" அவர் பகிலா பக்கம் திரும்பினார். "அந்த இடத்துல முன்னாடி யார் இருந்தது?"

பகிலா ரொட்டித் தட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாள். மேஜையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரிந்துவிட்டது. ஆனால் எழுந்து சொல்ல ஒருவருக்கும் மனமில்லை. அகாயும் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டார். கிடைத்த ஒரு மேற்கோளை எந்த இயக்குநர் திருப்பிக் கொடுத்திருக்கிறார்?

குன்சுலு கிண்ணத்தை வைத்துவிட்டுக் கோட்டை எடுக்கப் போனாள். வாசலில் பகிலா ஓடி வந்தாள். கையில் சர்கீத் பை, விருந்திலிருந்து யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று கட்டிக் கொடுப்பது. கறி, ரொட்டி, மிட்டாய்.

"இதையாவது எடுத்துட்டுப் போடி. சர்கீத்தை வேணாங்கக் கூடாது."

"வேணாம்."

குன்சுலு வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பகிலா கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. பை நீட்டியபடியே நின்றது. பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, அருகே வந்தாள்.

"குன்சுலு, கீழ்ச்சரிவுக்கு எத்தனை நாள்டி?"

எழுபத்தொரு நாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் கேள்வி வந்த இடத்தில் பகிலா வாயிலிருந்து ‘மன்னிச்சுடு’ என்று ஒரு சொல் வந்திருந்தால், கேட்காமலேயே சொல்லியிருப்பாள். குறிப்பேட்டையும் எடுத்துக் கொடுத்திருப்பாள். இருபத்தாறு வருடமாக அப்படித்தானே இருந்தாள். குன்சுலு கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள். எழுபத்தொன்றை விழுங்கிக்கொண்டு படியிறங்கினாள்.