கேபினில் வந்த படபடப்பு

அவள் கிரேன் ஓட்டுகிறவள். காலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு மாடி உயரத்திலிருக்கும் கண்ணாடிக் கேபினில் ஏறி உட்கார்ந்தால் மதியம்தான் இறங்குவாள். மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பதைப் பார்த்து, கட்டடத்து ஆட்கள் அவளுக்குக் கொக்கு என்று பேர் வைத்திருந்தார்கள். தந்திரக்கார நரி என்று வைக்காமல் விட்டார்களே, அதுவே பெரிசு என்பாள்.

அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்று நாளாக அவள் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. லீவு கேட்டால் மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மாற்றாளும் ஊரில் இல்லை. கிளம்பும் முன் வீட்டிலேயே இரண்டு காபி குடித்தாள், பால் இல்லாமல், கஷாயம் போல. தலைவலிக்கு இரண்டு மாத்திரை. வழியில் கடையில் இன்னொரு காபி. ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன இரண்டு டம்ளரையும் பத்து மணிக்குள் கேபினில் காலி செய்தாள். தலைவலி விடாததால் மறுபடி இரண்டு மாத்திரை. தூக்கம் போன இடம் தெரியவில்லை. இன்றைக்கு இந்தக் கட்டடத்தையே தூக்கிவிடலாம் போலிருக்கிறதே என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

தரையில் நின்று வாக்கி டாக்கியில் அவளுக்கு வழி சொல்கிறவன் அவளுடைய கொழுந்தன்.

“அண்ணி, பலகையக் கட்டியாச்சு. தூக்குங்க.”

மூன்று டன் காங்கிரீட் பலகை. ஒன்பதாவது மாடியைத் தாண்டும்போது அவள் நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்தது. ஒரு துடிப்பு தவறி, அடுத்தது தொண்டைக்குழி வரை வந்து குதித்தது. பிறகு நிற்காமல் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. பிடரி வேர்த்தது. விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கம் அப்படியே இரும்புக் கயிற்றில் இறங்கிப் பலகை ஊசலாடியது. அதற்கு நேர் கீழே பதினைந்து பேர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சட்டென்று கைப்பிடியை விட்டாள். பிரேக் பிடித்துக்கொண்டது. பலகை ஏறுவது நின்றதே தவிர ஆட்டம் நிற்கவில்லை.

அவள் அப்பா நாற்பத்து மூன்று வயதில், பேசிக்கொண்டிருந்த பேச்சு முடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. இங்கேயே உயிர் போய்விட்டால்? பிள்ளைக்கு ராத்திரி மருந்தை யார் கொடுப்பார்கள்?

வாக்கி டாக்கியில் பேசினால் கட்டடம் முழுக்கக் கேட்கும். பொம்பளைக்கு எதுக்குக் கிரேன் என்று கேட்கக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! பலகை மறுபடி ஒருமுறை அந்தப் பதினைந்து பேரின் தலைக்கு மேல் போய் வந்தது.

“தம்பி... எனக்கு முடியல. நெஞ்சு கண்டபடி அடிக்குது. கை நிக்கல. கீழ இருக்கறவங்களத் தள்ளிப் போகச் சொல்லு.”

விசில் சத்தம். ஆட்கள் சிதறி ஓடினார்கள்.

“என்னம்மா, விளையாடறியா?” என்றது மேஸ்திரியின் குரல்.

“லைன விடுங்க மேஸ்திரி!” என்று கொழுந்தன் கத்தினான். அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. “அண்ணி, ஆட்டம் நிக்கட்டும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.”

ஆட்டம் நின்றது. ஒற்றைக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“கொஞ்சமா இறக்குங்க... கொஞ்சம்... நிறுத்துங்க. மூச்சு விடுங்க. இப்ப இன்னும் கொஞ்சம்.”

நாலு நிமிஷ வேலைக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. “தரையத் தொட்டுடுச்சு அண்ணி” என்று அவன் சொன்னதும் கைப்பிடியை விட்டுவிட்டு விம்மி அழுதாள்.

“அங்கேயே இருங்க. நான் மேல வரேன்.”

அவன் ஸ்டூலில் ஏறி விளக்கு மாட்டவே பயப்படுகிறவன். அது அவளுக்கு அப்போது நினைவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் போயிற்று, அவனைக் காணோம். இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாகச் சாகக் கூடாது என்ற பயமே அவளை எழுப்பி ஏணியில் இறக்கியது. ஏணியில் இளைப்பாற விட்டிருக்கும் தட்டுகளில் மூன்று தட்டு கீழே, இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

“மன்னிச்சுக்குங்க அண்ணி. மேலயும் ஏற முடியல, கீழயும் இறங்க முடியல.”

“நல்லா வந்தே போ. குருடும் குருடும் சேர்ந்து குழியில விழுந்த கதைதான்” என்றாள். “கண்ணத் திறக்காத. நான் முன்னால இறங்கறேன். கால நான் வச்சு விடறேன்.”

அவள் ஒரு படி இறங்குவாள். அவன் கணுக்காலைப் பிடித்து அடுத்த படியில் வைப்பாள். நடுங்குவது தன் கையா அவன் காலா என்று தெரியவில்லை. இறங்கி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர்களை ஒட்டி, நீளக் காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மா கேட்டார்: “காலையில இருந்து என்ன சாப்பிட்டீங்க?”

“காபி.”

“எத்தனை?”

விரல் விட்டு எண்ணினாள். “அஞ்சு. அப்புறம் தலைவலி மாத்திரை நாலு.”

டாக்டரம்மா மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்தார். “காபியில இருக்கற கஃபீன் இதுலயும் இருக்கு. தூங்காத உடம்பு வேற. களைச்ச குதிரைய அடி மேல அடி அடிச்சா தறிகெட்டுத்தானே ஓடும்? இதயத்துல கோளாறு ஒண்ணும் இல்ல. சாயங்காலம் வரை இங்க படுத்திருங்க.”

“வெறும் காபியா!” என்று கொழுந்தன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சு அடங்கவே மணி மூன்றாயிற்று.

காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கோ அந்த வாசனையே கிலி. ஒரேயடியாக விட்டதில் இரண்டு நாள் மண்டை பிளந்தது. மாத்திரையைத் தொடவும் பயம். தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. தாயும் பிள்ளையும் சேர்ந்து தூங்கினார்கள்.

ஐந்தாம் நாள் மறுபடி ஏணி ஏறினாள். ஒவ்வொரு தட்டிலும் நின்று மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். கேபினில் உட்கார்ந்ததும் குரல் வந்தது.

“அண்ணி, தூக்கலாமா?”

“பொறு தம்பி.”

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, ஒரு நிமிஷம் முழுக்கப் பார்த்தாள். பிறகுதான் தூக்கினாள்.