ஸ்டெப்னி இருந்த இடத்தில் வாழைத்தார்

பி.எஸ்ஸி. பௌதிகப் பிராக்டிகலில் நான் இரண்டு தடவை தோற்றதற்குக் காரணம் அறியாமை அல்ல. முதல் தடவை, வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்த எக்ஸ்டர்னல் ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பதை அவரிடமே சொன்னேன். இரண்டாம் தடவை வந்தவர் போர்டில் எழுதிய விடை தப்பாக இருந்தது, எழுந்துபோய்த் திருத்தினேன். இரண்டு பேருமே நன்றி சொல்லிவிட்டு ஃபெயிலாக்கினார்கள்.

மூன்றாவது தடவை, 1993 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு. இதுவும் போனால் அடுத்த வருஷம் என் தங்கை சித்ரலேகாவோடு ஒரே லேபில் நிற்க வேண்டும். "பயப்படாதண்ணே, நான் காட்டித் தாரேன்" என்று அவள் இப்போதே ஆறுதல் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

துறைத் தலைவர் சங்கரசுப்பிரமணியன் சாருக்கு என்மேல் இரக்கம் உண்டு.

"லே கோமதிசங்கரு, ஒனக்குக் கார் ஓட்டத் தெரியும்லா? எக்ஸ்டர்னல் ஸ்ரீவைகுண்டத்துல மாமியார் வீட்ல இருக்காரு. என் ஃபியட்ட எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வா. ஒம் மூஞ்சி பழகட்டும். அவரு என்ன சொன்னாலும் 'ஆமா சார்'. வேற ஒரு வார்த்தை வாயில வரப்படாது."

"ஆமா சார்" என்றேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் துறைத் தலைவருக்கு ஒரு தோட்டம். அங்கே வெட்டி வைத்திருக்கும் கதலித் தாரையும் காரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். "சாயங்காலம் அவரக் கொண்டு விடும்போதுதான் குடுக்கணும். முன்னாடி குடுத்தா லஞ்சம். மார்க் போட்ட பொறவு குடுத்தா மரியாதை" என்றார்.

தார் என் இடுப்பு உயரம் இருந்தது. ஃபியட்டின் டிக்கி மூடவில்லை. தோட்டக்காரர் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை வெளியே எடுத்து, பம்பு செட்டுக்குள் உருட்டிவிட்டு, "இப்ப சரியா இருக்கும்லா?" என்றார். அன்று நான் ஒப்புக்கொள்ளும் பழக்கத்தில் இருந்தேன்.

எக்ஸ்டர்னல் அருமைநாயகம் சார் சஃபாரி சூட்டில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். ஸ்ரீவைகுண்டம் அணையைச் சோழன் கட்டினான் என்றார். ஆமா சார் என்றேன். ஒரு மைல் போனதும், சோழன் இல்லை, பாண்டியன் என்றார். அவனையும் ஆமோதித்தேன்.

கருங்குளம் தாண்டியதும் ஸ்டியரிங் இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தேன். முன் டயரில் காற்று பாதிதான் இருந்தது. உருட்டி உருட்டிச் செய்துங்கநல்லூரில் அகமது மீரானின் பஞ்சர் கடைக்குக் கொண்டு சேர்த்தபோது மணி பன்னிரண்டரை. அவர் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"ஜும்ஆவுக்கு நேரமாச்சே" என்றபடியே குனிந்து டயரைத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. எச்சிலைத் தொட்டு வைத்தார். சின்னதாக ஒரு குமிழி, சாவகாசமாக வந்தது.

"உடைமுள்ளு. காத்து பைய எறங்குது. தொழுதுட்டு வந்து ஒட்டித் தாரேன். அவசரம்னா அங்கன பம்பு கெடக்கு, நல்லா அடிச்சிட்டு ஓட்டுங்க, பாளையங்கோட்ட போய்ச் சேந்துரும். முள்ள மட்டும் தொட்டுராதிய. அதுதான் ஓட்டைய அடச்சிக்கிட்டு நிக்கி."

அவர் போய்விட்டார். நான் அடித்துக்கொண்டிருந்தேன். நாற்பதாவது அடியில் அருமைநாயகம் சார் காரைவிட்டு இறங்கினார்.

"எதுக்கு இந்தப் பாடு? ஸ்டெப்னிய மாட்ட வேண்டியதுதான?"

நான் பம்பை விடுவதற்குள் அவர் டிக்கியைத் திறந்துவிட்டார்.

"இது என்னது?"

"வாழைத்தார் சார்."

"ஸ்டெப்னி?"

"தோட்டத்துல இருக்கு சார்."

"இது யாருக்கு?"

மணி பன்னிரண்டே முக்கால். மார்க் போட இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. இப்போது சொன்னால் லஞ்சம்.

"ஆமா சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தார். அதைத் தின்றுகொண்டே வந்து டயர்ப் பக்கம் குனிந்தார்.

"முள்ள உள்ள வச்சிக்கிட்டே காத்தடிச்சா என்ன பிரயோஜனம்? கோளாறுக்குக் காரணம் முள்ளு. காரணத்த எடுத்துட்டா கோளாறும் போயிரும். சரிதான?"

சரியில்லை என்பது தொண்டைவரை வந்தது. சித்ரலேகா லேபில் எனக்கு ஒயர் மாட்டிக் காட்டுவது கண்ணில் தெரிந்தது.

"ஆமா சார்."

இரண்டு நகத்தால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. டயர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. கார் இடதுபக்கமாகத் தணிந்து அவருக்கு வணக்கம் வைத்தது.

"ஓ" என்றார்.

"ஆமா சார்."

மீரான் ஒன்றரைக்குத் திரும்பி வந்தார். டயரைப் பார்த்தார். அதற்குள் பதினோரு பழத்தோல்கள் விழுந்திருந்தன. அவற்றையும் பார்த்தார்.

"முள்ள எவம்லே எடுத்தது?"

அருமைநாயகம் சார் ரோட்டில் போன வைக்கோல் லாரியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் அண்ணாச்சி."

"அவ்வளவு சொல்லிட்டுப் போறேன், காது செவிடாலே? என்ன படிக்க?"

"பி.எஸ்ஸி. பௌதிகம்."

"பாஸா?"

"ரெண்டு தடவ போச்சு."

"போவாம? ஒன்னய எவனாவது பாஸாக்குனாம்னா, அவனச் செருப்பக் கழத்தி அடிக்கணும். என்ன சார், நான் சொல்லுதது?"

"ஆமா" என்றார் அருமைநாயகம் சார்.

டயரைக் கழற்றி, டியூபை எடுத்து, ஒட்டி மாட்டுவதற்கு இரண்டேகால் ஆகிவிட்டது. பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு மன்னரும் அணை கட்டவில்லை.

சோதனையை ஒழுங்காகவே செய்தேன். வைவாவுக்கு என் முறை வந்தது. அருமைநாயகம் சாரும், அவருக்குப் பக்கத்தில் சங்கரசுப்பிரமணியன் சாரும். அருமைநாயகம் சார் என் ரெக்கார்டு நோட்டை ஒருமுறை புரட்டிவிட்டு மூடினார்.

"ஒரே கேள்விதான். அந்த முள்ள எடுத்தது யாரு?"

துறைத் தலைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பாடத்திட்டத்தில் முள் இல்லை.

"நாந்தான் சார்."

"நல்லா ஞாபகமிருக்கா?"

"நல்லா இருக்கு சார். எடுக்காதப்பான்னு நீங்ககூடச் சொன்னிய."

அவர் முகம் மலர்ந்தது. பேனா ஓடியது. அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் தனியாகப் பத்து மார்க் இருந்திருக்கும்.

"என் கார் டயர்லயாலே கைய வச்ச?" என்றார் சங்கரசுப்பிரமணியன் சார், எக்ஸ்டர்னலுக்குக் கேட்காத குரலில்.

மாலையில் மார்க்குப் பட்டியலை உறையில் போட்டு, அரக்கு வைத்து, முத்திரை குத்தினார்கள். பிறகு நான் அருமைநாயகம் சாரைத் திரும்ப அழைத்துப் போனேன். ஸ்டெப்னி இன்னும் பம்பு செட்டில்தான் இருந்தது. குறைந்துபோன தார், இப்போது மரியாதையாகி, டிக்கியில் கிடந்தது.

செய்துங்கநல்லூரில் மீரான் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டியை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார்.

"ஏலே, பரீச்ச என்னாச்சு?"

"நிறுத்தாத, போ" என்றார் அருமைநாயகம் சார்.

அரக்கு இந்நேரம் காய்ந்திருக்கும்.

"ஸ்டெப்னி இல்லயே சார். காத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவோம்" என்று பிரேக்கை மிதித்தேன். தலையை வெளியே நீட்டி, "பாஸ், அண்ணாச்சி!" என்றேன்.

"யாருலே பாஸாக்குனது?" என்று கேட்டுக்கொண்டே மீரான் காரை நோக்கி வந்தார்.

அருமைநாயகம் சார் தன் பக்கத்துக் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தார்.