இருபத்தொன்றும் இருபத்தெட்டும்

1974ஆம் ஆண்டு நாடு முழுவதும் பேக்கரிகளின் முன் பாணுக்கு வரிசையில் நின்று மெலிந்துகொண்டிருந்தபோது, திருகோணமலையில் ஆசுபத்திரித் துண்டுச் சீட்டின்படி கொழுத்தவள் நான் ஒருத்தியே.

அப்போது எனக்கு வயது ஐம்பத்தைந்து. துறைமுகத்துக்கு அண்மையிலிருந்த ஒரு பெண்கள் பாடசாலையின் அதிபராக இருந்தேன். ஓய்வுபெற வேண்டிய காலம் வந்துவிட்டது. ஓராண்டு சேவை நீடிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். விண்ணப்பத்துடன் வைத்தியரின் உடற்தகுதிச் சான்றிதழையும் இணைக்க வேண்டியிருந்தது. மாணவிகளின் நலன் கருதியே நீடிப்பைக் கோருவதாக எழுதினேன். உண்மைக் காரணம் வேறு. எனக்குப் பின் அந்தக் கதிரையில் அமரவிருந்த அன்னலட்சுமி, காலை மணியை இரண்டு நிமிடம் பிந்தி அடிப்பவர். அந்த இரண்டு நிமிடத்திலிருந்து உலகைக் காக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாக நான் மெய்யாகவே நம்பினேன்.

டொக்டர் ஜவாஹிர் இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவர். ஆசுபத்திரியின் நிறுவைத் தராசு பழுதாகிக் கொழும்புக்குப் போயிருந்ததால், அவர் தாம் கொண்டுவந்த ஓர் இடுக்கியைப் பயன்படுத்தினார். நண்டின் கால்களைப் போன்ற இரண்டு கவர்கள்; நடுவே மணிக்கூட்டு முகம் போன்ற ஒரு வட்டம். மேற்கையின் பின்புறத்தில் தோலையும் கொழுப்பையும் சேர்த்துக் கவ்வினால், மடிப்பின் தடிப்பை அது மில்லிமீற்றரில் சொல்லும்.

அதைப் பிடிப்பவர் எல்சி மிஸி. நாற்பது வயதுத் தாதி, எவருக்கும் அஞ்சாதவர்.

"ரீச்சர், சட்டையைக் கழட்டுங்கோ."

"ஏன்?"

"தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில பிடிக்கவேணும். உங்கட நீளச் சட்டைக் கை மேல ஏறுதில்லை."

"ஏறின இடத்தில பிடியுங்கோ. நான் இஞ்ச கடல் குளிக்க வரேல்லை."

எல்சி மிஸி முழங்கைக்குச் சற்று மேலே, சட்டைக் கை ஏறி நின்ற இடத்தில் இடுக்கியை வைத்தார். இருபத்தொன்று என்று துண்டில் எழுதப்பட்டது.

"பிரஷரும் கூட, கொழுப்பும் கூட," என்றார் டொக்டர். "ஆறு கிழமையில ரெண்டையும் குறைச்சுக்கொண்டு வாங்கோ. கையெழுத்துப் போட்டுத் தாறன்."

அந்த ஆறு கிழமையும், நாற்பத்திரண்டு நாளும், நான் உண்டதை ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். தேங்காய்ப்பால் இல்லை, பொரியல் இல்லை, ஒரு கோப்பைச் சோறு, கீரை, அவித்த சூடை மீன். மாலையில் கடற்கரை நெடுக நடந்தேன். கோட்டைப் பக்கமிருந்து வந்து புல் மேயும் மான்கள்கூட என் வேகத்தைக் கண்டு ஒதுங்கி நின்றன. நானும் அதை என் ஒழுக்கத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை போனபோது, பரீட்சையில் முதலிடம் எனத் தெரிந்த பிள்ளையைப் போலக் கையை நீட்டினேன். எல்சி மிஸி சட்டைக் கையை மேலே தள்ளி இடுக்கியைப் பிடித்தார். இருபத்தெட்டு.

"திரும்பப் பிடியுங்கோ."

திரும்பப் பிடித்தார். இருபத்தெட்டுத்தான்.

"ரீச்சர், போன முறை நாங்கள்..."

"கதை வேண்டாம், மிஸி. விளக்கம் இருந்தால் எழுத்தில தாங்கோ."

அவர் எண்ணை மட்டும் துண்டில் எழுதினார். மூதூரில் கிளினிக் முடித்துப் பின்னேரம் திரும்பிய டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டு, 'பிரஷர் குறைவு, கொழுப்புக் கூடியுள்ளது, இப்போது சான்றிதழ் இல்லை' என்று எழுதி அனுப்பினார். விண்ணப்பம் கல்விக் கந்தோருக்குப் போய்ச் சேர ஒன்பது நாட்களே இருந்தன.

அன்றிரவே டொக்டருக்கு ஏழு பந்திகளில் ஒரு முறைப்பாடு எழுதினேன். தாதியின் கவனயீனம் நான்கு பந்திகளையும், உப்புக் காற்றில் கருவியின் வில் இளகியிருக்கக்கூடும் என்பது இரண்டு பந்திகளையும் பிடித்தன. ஏழாவது பந்தியில், என் உணவுக் கொப்பியைப் பரிசீலனைக்குச் சமர்ப்பிக்கத் தயார் என்றேன். அனுப்பிய பின்னர்தான், கொப்பியில் எழுதப்படாத ஒரு கரண்டி வட்டிலப்பம் நினைவுக்கு வந்தது. பெருநாளுக்கு அயல்வீட்டு றுக்கியா தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும் சேர்த்து அவித்துத் தந்தது. ஒரு கரண்டி வட்டிலப்பத்தால் ஏழு மில்லிமீற்றர் கூடுமா என்று கணக்குப் பார்த்தேன். கூடும் என்றே முடிவு வந்தது. குற்றவுணர்வுள்ளவள் போடும் கணக்கு அப்படித்தான் முடியும்.

பாடசாலையில் இதற்குள் வேறொரு விளக்கம் பிறந்திருந்தது. ஆசிரியைகள் இருந்த அறையின் வாசலில் நின்றபோது அது என் காதில் விழுந்தது.

"பெரிய ரீச்சர் வீட்டில கிளிவெட்டியில இருந்து வந்த நெல்லு ரெண்டு மூட்டை ஒளிச்சுக் கிடக்குதாம்."

"அதுதானே பாத்தன். சனம் மரவள்ளிக்கிழங்கு தின்னுது, மனுசி கொழுக்குது."

நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அன்னலட்சுமி மட்டும் சற்றுப் பிந்தி எழுந்தார். அவருடைய முகத்தில் இருந்தது இரக்கம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்குச் சட்டை தைப்பவள் றுக்கியாவே. ஐந்தாம் நாள் பின்னேரம், கரும்பலகையில் எழுதும்போது சட்டைக் கை வழிந்து சுண்ணக்கட்டியை மறைக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் ஊசிகளை வாயில் கவ்வியபடி வந்து சட்டைக் கைக்குள் விரல்களை விட்டுப் பார்த்தாள்.

"ரீச்சர், இது ஆர்ர சட்டை?"

"என்ட தான். நீ தைச்சது."

"நான் தைக்கக்குள்ள இதுக்குள்ள ஒரு விரல் போகாது. நீங்கதானே பிடிச்சாப்போல வேணும் எண்டீங்க. இப்ப நாலு விரல் போகுது. நல்லா வத்திப் போனீங்க."

"இல்லை, றுக்கியா. நான் கொழுத்திருக்கிறன். ஆசுபத்திரித் துண்டில கிடக்குது."

"அந்தத் துண்டு சட்டை தைக்குமா, ரீச்சர்?"

சொல்லிக்கொண்டே சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினாள். அது தடையின்றிப் போயிற்று. முன்பு முழங்கையைத் தாண்டி இரண்டு விரற்கடைகூட ஏற மறுத்த அதே கை.

நான் றுக்கியாவின் முன்னிலையிலேயே என்னை நானே கிள்ளத் தொடங்கினேன். முழங்கைக்கு மேலே கிள்ளினால் பிடிபட்டது கொஞ்சம். நடுக்கையில் கிள்ளினால் ஒரு பிடி பிட்டு மாவு. முதல் முறை அளந்தது மெலிந்த இடத்தை. இரண்டாம் முறை அளந்தது தடித்த இடத்தை. நான் மெலிந்ததால்தான் சட்டைக் கை ஏறியது; ஏறியதால்தான் எண் கூடியது. ஆறு கிழமை கீரை தின்று, எனக்கெதிரான சாட்சியை நானே தயாரித்திருக்கிறேன். எல்சி மிஸி சொல்ல வந்ததும் இதுவே.

"கிள்ளினது காணும், ரீச்சர். சிவந்துபோச்சு," என்றாள் றுக்கியா.

மறுநாள் காலை ஆசுபத்திரிக்குப் போனேன். எல்சி மிஸியின் மேசையில் என் ஏழு பந்திகளும் ஒரு மருந்துப் போத்தலின் கீழ் இருந்தன.

"மிஸி, நீங்கள் அண்டைக்குச் சொல்ல வந்தது..."

"கதை வேண்டாம் எண்டீங்கள். நான் கதைக்கேல்லை."

"பிழை என்னில."

"அதை ஆர் மறுத்தது?" என்றார் அவர், பஞ்சை மடித்தபடி. "கையை நீட்டுங்கோ. எங்க பிடிக்க?"

"முதல் பிடிச்ச இடத்தில."

பதினாறு. இருபத்தொன்று இருந்த இடத்தில் பதினாறு. டொக்டர் வந்து பார்த்துவிட்டு மீண்டும் ஒருமுறை தாமே பிடித்தார். அதே பதினாறு.

"ரீச்சர் நல்லா குறைஞ்சிருக்கிறீங்க. ஆனால் துண்டில இருபத்தெட்டும் கிடக்குது. காரணமில்லாமல் நான் கையெழுத்துப் போட்டால் கந்தோரில கேட்பாங்கள். காரணத்தை நீங்களே எழுதித் தாங்கோ. மிஸி வாசிச்சு ஒப்பம் வைக்கட்டும்."

எழுதினேன். முறைப்பாட்டைத் திரும்பப் பெறும் வரியை முதலில் எழுதினேன்; அது எளிதாக இருந்தது. அடுத்த வரியில் பேனை நின்றது. 'சில தவிர்க்க முடியாத காரணங்களினால்' என்று தொடங்கிப் பார்த்தேன். மாணவி ஒருத்தி அப்படி எழுதியிருந்தால் கொப்பியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். வெட்டிவிட்டு, உள்ளதை எழுதினேன்.

எல்சி மிஸி தாளை வாங்கினார். மனதுக்குள் வாசிப்பார் என்று எண்ணினேன். அவர் வாசலில் நின்று, வெளியே வாங்குப் பலகைகளில் அமர்ந்து காத்திருந்த பதினைந்து பேருக்கும் கேட்கும்படி, ஞாயிறு பூசையில் நிருபம் வாசிப்பதுபோல வாசித்தார்.

"முதல் அளவு உரிய இடத்தில் எடுக்கப்படவில்லை. விண்ணப்பதாரியின் கை அப்போது மிகத் தடித்திருந்தமையால் சட்டைக் கை மேலே ஏறவில்லை. சட்டையைக் கழற்றும்படி தாதி கேட்டபோது விண்ணப்பதாரி மறுத்து, அவரை அவமதிக்கும் வகையிற் பேசினார்."

வாங்கில் இருந்த சாம்பல்தீவு மீனவர் ஒருவர், காலில் கட்டுடன், ஆறுதலாகச் சொன்னார்:

"அதுக்கென்ன, ரீச்சர். என்ட மனுசிக்கும் ஏறாதுதான். அவ கந்தோருக்கு எழுதிறேல்லை, அவ்வளவுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. என் மாணவிகள் இருவரின் தாய்மார் அந்த வாங்கில் இருந்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் கண்டேன்.

"சரியா எழுதியிருக்கிறீங்கள்," என்று சொல்லி எல்சி மிஸி ஒப்பம் வைத்தார். டொக்டரும் வைத்தார்.

சான்றிதழையும் அந்தத் தாளையும் ஒன்றாக மடித்து உறையிலிட்டுத் தபாற்கந்தோருக்கு நடந்தேன். கேட்ட ஓராண்டு பின்னர் எனக்குக் கிடைத்தது. ஆனால் அன்று முத்திரையை நக்கி ஒட்டும்போதே ஒன்று புரிந்தது: அடுத்த நாள் காலை மணி அடிக்கும் வேளைக்குள் இந்த மூன்று வரிகளும் பாடசாலை வாசலைக் கடந்திருக்கும். அதுவும் ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல்.