மேசைக்குள் பதின்மூன்று முத்திரைகள்

விடியுமுன்பே சுத்தியல் விழத் தொடங்கிவிடும். போரில் அமெரிக்காக்காரன் பொரி பொரிப்பதுபோல் செய்து இறக்கிய ஜீப்புகள், சண்டை ஓய்ந்ததும் சியோலில் பழைய இரும்பாகக் குவிந்தன. அவற்றின் அடிச்சட்டத்தை வாங்கி, பெட்ரோல் டிரம்மை வெட்டித் தட்டிக் கூடு போட்டு, டாக்ஸியாக விற்றார் எங்கள் முதலாளி பியோ. பனியில் தகடு விரல்தோலைக் கவ்வும்.

உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கும்; தண்ணீர் நிரப்பாமல் டிரம்மை வெட்டக்கூடாது. அன்று குழாய் உறைந்துவிட்டது. "கழுவினதுதான், வெட்டு" என்றார் முதலாளி. எங்களோடு வேலை செய்யும் சில்போங் வெட்டுச் சுடரை வைத்தான், டிரம் வெடித்தது. இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

அவன் குடித்திருந்ததாக எங்களில் எவனோ தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டான் என்று மறுநாளே பேச்சு. அது செல்லுபடியானால் வைத்தியச் செலவு முதலாளியைச் சேராது. ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வெளியே தள்ளிவிடுவார்கள். எவன் அந்தத் துரோகி? நான் பட்டறையில் மூத்தவரான குவாக் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். அவர் என்னை. மதியச் சோற்றுக்குக் கொண்டுவரும் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைக்கூட முதுகைக் காட்டித் திறந்தோம்.

மூன்றாம் நாள் சில்போங்கின் மனைவி சுன்ரே வந்தாள். தொழிலாளர் அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய அந்த வாக்குமூலத்தின் நகல் கையில்.

"பன்னெண்டு பேருமா சேந்து குத்துனீங்க? நல்லா இருங்கய்யா."

எல்லாப் பெயரும் இருந்தது. என் பெயரும், பக்கத்தில் என் முத்திரையும்.

"நான் குத்தலப்பா" என்றார் குவாக்.

"நானும் இல்லண்ணே."

எங்கள் ஊரில் கையெழுத்தென்றால் பெயர் செதுக்கிய முத்திரைதான். சம்பள நாளில் வசதி என்று எல்லாரும் அதை முதலாளியின் மேசை இழுப்பறையிலேயே விட்டு வைத்திருந்தோம். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசிப் பெயரைப் படித்தேன்: சில்போங்.

"ரெண்டு கையிலயும் கட்டு. சோறே நான்தான் ஊட்டுறேன். அவரு எப்படிக் குத்துனாரு?" என்றாள் சுன்ரே.

முதலாளி வந்தார். "என்ன கூட்டம்?"

"முத்திரையக் குடுங்க மொதலாளி" என்றார் குவாக்.

"எங்கிட்ட பத்திரமாத்தானே இருக்கு?"

"அதான் பயமா இருக்கு."

"வெளிய நூறு பேரு வேலைக்கு நிக்கிறான்."

"அவங்க முத்திரைக்கும் மேசையில எடம் இருக்கா?"

பியோ மேசையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

குவாக் நகலைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினார். தகட்டுக்குப் பூசும் சிவப்புப் பெயிண்டில் பெருவிரலைத் தோய்த்து ஒவ்வொருவராகப் பதித்தோம். சுத்தியல்கள் தகட்டின் மேலேயே கிடந்தன.

"வாம்மா, போவோம்" என்று குவாக் சுன்ரேயைக் கூப்பிட்டார்.

அந்த அலுவலகத்தில் இருப்பவனும் பியோவின் ஆள்தானோ என்னவோ. பதின்மூன்று பேராகப் போய்க் கேட்டால் தெரிந்துவிடும்.