கைப்பிடியில் தொங்கிய சீஸ்

என் மச்சான் வோபேவுக்குச் சக்கர நாற்காலியைப் பற்றி எல்லாம் தெரியும். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தேவாலயத்துக் கூடத்தில், தொண்டர்களுக்கு ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை வகுப்பு. நடுவில் காப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். முடிவில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சைக்கிள் போட்டியில் நாற்பத்தோராவதாக வந்ததற்குக் கிடைத்த பதக்கத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். நான் அந்த நாற்காலியிலேயே பதினான்கு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சான்றிதழ் கிடையாது.

கூரை ஓரத்துக் குழாயில் அடைத்திருந்த இலையை எடுக்க ஏணியில் ஏறினேன். இறங்கும்போது ஏணி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். இடுப்புக்குக் கீழே அன்றோடு முடிந்தது. அதற்கு முன்னால் இருபத்து மூன்று வருஷம் எங்கள் ஊர்த் தூக்குப்பாலத்துக்கு நான்தான் பாலக்காரன். படகு வந்தால் மணி அடித்து, சாலையை மறிக்கும் கம்பத்தை இறக்கி, பாலத்தைத் தூக்குவேன். படகு போனதும் இறக்குவேன். கால்வாய்கள் நிறைந்த எங்கள் ஃபிரீஸ்லாந்தில் கோடைக்காலத்தில் மனிதர்களைவிடப் படகுகள் அதிகம், வேலைக்குப் பஞ்சமில்லை.

பாலத்து வேலை திரும்ப வேண்டுமானால் ஒரு சோதனை என்று ஜூன் மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி டாக்டர் பாலத்துக்கு வருவார். நான் ஊர்ப்பக்கத்திலிருந்து சரிவேறி, பாலத்தைக் கடந்து, அக்கரையில் இருக்கும் இயக்கும் அறைக்குள் போய், பாலத்தை ஒரு முறை தூக்கி இறக்கிக் காட்ட வேண்டும். எல்லாம் தனியாக. யாராவது கைகொடுக்க வேண்டி வந்தால் 'உதவியாள் தேவை' என்று எழுதிவிடுவார்கள். ஒரு பாலத்துக்கு ஒரு ஆள்தான். உதவியாள் தேவைப்படுகிறவனுக்குப் பாலம் கிடையாது. அப்புறம் மிச்ச ஆயுளுக்கும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வோபே வந்து எப்போது தள்ளிக்கொண்டு போவான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குக் குளிர் காய்ச்சல் வரும்.

அதனால் அந்த ஆறு வாரமும் பழகினேன். பயிற்சி நிலையத்தில் ரென்ஸ்கா என்று ஒரு பெண், நாக்கில் தேன் தடவிப் பேசத் தெரியாதவள். சரிவேறும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இறங்கும்போது பின்னால் சாய வேண்டும், பின்னால் விழுந்தால் முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும், தரையிலிருந்து எழுந்து உட்காரத் தெரியாமல் வீதிக்குப் போகவே கூடாது. எல்லாம் அவள் கற்றுக்கொடுத்தாள். "விழுவீங்க சிப்கே. விழாதவன் பொய் சொல்றான். எந்திரிக்கக் கத்துக்கங்க," என்பாள்.

அந்த வியாழக்கிழமை காலை என் மனைவி ஹிஸ்கா பேக்கரி வேலைக்கு ஐந்து மணிக்கே போய்விட்டாள். ஒன்பது மணிக்குப் பின்கதவைத் திறந்துகொண்டு வோபே வந்து நின்றான். மஞ்சள் சட்டை, முதுகில் 'தொண்டர்' என்று எழுத்து, கீழே சைக்கிள்காரர்களின் இறுக்கமான கால்சட்டை. உரித்த கோழி தேவலை.

"மாப்ள! ரெடியா?"

"நீ எதுக்கு மச்சான் வந்த?"

"எதுக்கா? சேஃப்டிக்கு. ஹிஸ்கா சொன்னா, இன்னைக்குத்தான் டெஸ்டுன்னு."

"தனியாப் போறதுதான் டெஸ்டு."

"தனியாப் போ. யாரு வேணாம்னா? நான் பின்னாடி சும்மா வர்றேன்." சொல்லிக்கொண்டே என்னை வாசல்படி தாண்ட வைக்க நாற்காலியின் கையைப் பிடித்துத் தூக்கினான். கை தனியாக அவன் கையோடு வந்தது.

"என்னய்யா இது, ஒடஞ்ச வண்டி?"

"கழட்டுற கை அது. பக்கவாட்டுல நகர்ந்து ஏறி எறங்குறதுக்கு. அதைப் புடிச்சுத் தூக்கக் கூடாது."

"வகுப்புல சொல்லவே இல்லையே."

"நீ பிஸ்கட்டைப் பாத்துக்கிட்டிருந்த நேரத்துல சொல்லியிருப்பாங்க."

அவனுக்கு உறைக்கவில்லை. இவனுக்கு எதுவும் உறைக்காது, எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். பின்னால் போய் நின்றவன் திடீரென்று "ஆ!" என்றான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கால்ல ஏதோ இடிச்சுது. சரி பண்ணிட்டேன்."

டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, மறுக்கவில்லை. நாற்காலியை யார் தொட்டாலும் தொட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். ரென்ஸ்கா நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

பாலத்துக்குச் சந்தை வழியாகத்தான் போக வேண்டும். வியாழக்கிழமை சந்தை. எனக்கு உலகமே அந்தப் பத்து மணியில் நிற்கிறது, இவன் என்னை நிற்க வைத்துவிட்டு உருளைக்கிழங்கு பேரம் பேசுகிறான். ஐந்து கிலோ உருளைக்கிழங்கு ஒரு பையில். சீஸ் கடையில் துண்டு வாங்கினால் குறைச்சல் என்று நாலரைக் கிலோவில் ஒரு முழு வட்டு இன்னொரு பையில். இரண்டையும் கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால் கைப்பிடிகளில் மாட்டினான், பக்கத்துக்கு ஒன்றாக.

"மச்சான், எடு அதை."

"கனமா இருக்கு மாப்ள."

"கனமா இருக்குறதாலதான் எடுங்கிறேன். வண்டி பின்னால கவுந்துரும்."

"முப்பது வருஷமா சைக்கிள் ஹேண்டில்பார்ல மாட்டுறேன். ஒரு தடவை கவுந்திருக்கா?"

"சைக்கிள்ல ஹேண்டில்பார் முன்னால இருக்கு. இதுல பின்னால இருக்கு. இது கூடவா வெளங்கல?"

பக்கத்தில் மீன் விற்கிறவள் சிரித்துவிட்டாள். அதற்காகத்தான் எடுத்தான், எனக்காக இல்லை. இரண்டு பையையும் கையில் தூக்கிக்கொண்டு, பொதி சுமக்கிற கழுதையின் முகத்தோடு வந்தான். இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். கைப்பிடி என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், எதையாவது தொங்கவிடாமல் கை ஓயாது.

பாலத்துச் சரிவின் அடியில் டாக்டர் காத்திருந்தார். ஹூக்கெமா என்று பெயர், நரைத்த குட்டைமுடி, கையில் ஒரு அட்டை, அதில் காகிதம். கை குலுக்கினார். வோபேவைப் பார்த்து, "இவர் யாரு?" என்றார்.

"மனைவியோட அண்ணன். சும்மா வந்திருக்காரு."

"பயிற்சி பெற்ற தொண்டர்," என்றான் வோபே.

டாக்டர் என் தோள், மணிக்கட்டு, தூக்கம் பற்றியெல்லாம் கேட்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் "ஆரம்பிக்கலாம்," என்றார். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு சக்கரத்தைத் தள்ளினேன். முதல் தள்ளிலேயே வண்டி கனத்தது. பயத்தில் கை தளர்கிறது என்று நினைத்தேன். உடம்பை முன்னால் சாய்த்து இரண்டாவது தள்ளு, மூன்றாவது தள்ளு. சரிவு ஏறுகிறது. நாலாவது தள்ளில் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டன.

வானம் தெரிந்தது. முகவாயை நெஞ்சில் ஒட்டினேன். முதுகு கல்லில் மோதியது, தலை மோதவில்லை. என் இரண்டு பக்கமும் உருளைக்கிழங்குகள் உருண்டு போயின. ஒரு சைக்கிள்காரர் மணியடித்தபடி ஒன்றின் மேல் ஏறிப் போனார்.

நாற்காலியிலிருந்து நழுவி மல்லாந்து கிடந்தபடி, தலையைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு கைப்பிடியில் சீஸ், இன்னொன்றில் கிழிந்த பை. நான் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தபோது அந்த மகராசன் கை வலிக்கிறது என்று திரும்பவும் மாட்டியிருக்கிறான். கீழே, பின்னால் கவிழாமல் தாங்குவதற்காகவே வைத்திருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே மடக்கப்பட்டு வானத்தைப் பார்த்து நின்றன. காலையில் கேட்ட டக், டக் அதுதான்.

வோபே குனிந்து என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து டாக்டரிடம் சொன்னான்: "பாத்தீங்களா டாக்டர்? தனியா விட்டா இப்படித்தான். நான் அப்பவே சொன்னேன்."

வாய் மட்டும் இல்லாவிட்டால் இவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

டாக்டரின் பேனா காகிதத்துக்குப் போனது.

"எழுதுங்க டாக்டர்," என்றேன், படுத்தபடியே. "ஆனா எழுதறதுக்கு முன்னால வண்டியோட பின்பக்கம் ஒரு தடவை பாருங்க."

அவர் வந்து குனிந்து பார்த்தார். சீஸ் பையைக் கழற்றி, கனம் பார்த்துத் தரையில் வைத்தார். மடக்கிய குட்டிச் சக்கரத்தை விரலால் தட்டினார்.

"இதை மடக்கினது யாரு?"

வோபே கால்வாயில் நீந்தும் வாத்துகளைப் பார்த்தான்.

"கால்ல இடிச்சுது," என்றான் கடைசியில்.

"யாரு கால்ல?"

"என் கால்ல."

"அந்த வண்டியில உங்க காலுக்கு என்ன வேலை?"

வோபேவுக்கு வெட்கமே இல்லை. குனிந்து என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தான்.

"கையை எடுங்க," என்றார் டாக்டர். சத்தம் போடவில்லை. வோபே சுட்டதுபோல எடுத்துவிட்டான். டாக்டர் என்னைப் பார்த்தார். "அடி பட்டிருக்கா?"

"இல்ல."

"தானா எந்திரிக்க முடியுமா?"

"முடியும். நேரமாகும்."

"எனக்கு மதியம் வரைக்கும் வேற வேலை இல்ல."

உருண்டு புரண்டு, நாற்காலியை நிமிர்த்தினேன். சரிவுக்குக் குறுக்கே திருப்பி வைத்து, இரண்டு பிரேக்கையும் போட்டு, கால்தட்டுகளை மடக்கினேன். குட்டிச் சக்கரங்களை இறக்கிவிட்டேன். நாற்காலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை இருக்கையில் ஊன்றி எழும்பினேன். பாதி வழியில் கை தாங்காமல் மறுபடி தரைக்கே வந்தேன். பயிற்சி நிலையத்தில் நடுவில் ஏறி உட்கார ஒரு குட்டி முக்காலி இருக்கும். பாலத்தில் முக்காலிக்கு எங்கே போவது?

சீஸ் கண்ணில் பட்டது. நாலரைக் கிலோ, மெழுகு பூசியது, அரைச் சாணுக்கு மேல் உயரம், கல் மாதிரி. பையோடு இழுத்து அடியில் வைத்தேன்.

"ஏய், அது திங்கிற சாமான்!" என்றான் வோபே.

"பையிலதான இருக்கு மச்சான். தாங்கும்."

முதலில் சீஸின் மேல் ஏறினேன். மூச்சு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து இருக்கைக்கு. மொத்தம் ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கால்களைத் தூக்கித் தட்டில் வைத்தேன். குனிந்து சீஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அது எதுக்கு?" என்றார் டாக்டர்.

"பாரம் மடியில இருக்கணும் டாக்டர். முதுகுக்குப் பின்னால இல்ல. வகுப்புக்குப் போகாதவனுக்கும் இது தெரியும்."

வோபே உருளைக்கிழங்கு பொறுக்கச் சரிவின் அடிவாரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான். நான் ஏறினேன். இந்தத் தடவை வண்டி தரையை விடவில்லை. மேலே, சாலையும் பாலத்துப் பலகையும் சேருகிற இடத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. முன்சக்கரத்தை முழுங்குவதற்கென்றே வெட்டியது. இருபத்து மூன்று வருஷம் அதன் மேல் நடந்தவன், சக்கரத்தில் வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். ஒரு சின்னத் தள்ளில் முன்சக்கரங்களைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். டாக்டர் அதை மட்டும் உடனே குறித்துக்கொண்டார்.

அக்கரையில் அறைக் கதவு, வாசலில் புதிதாக ஒரு பலகைச் சரிவு. உள்ளே போனேன், திரும்பினேன், பிரேக் போட்டேன். மேசை, விசைகள், கண்ணாடி வழியாகக் கால்வாய், எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. பாலத்துக்கு முன்னால் மூன்று படகுகள் காத்திருந்தன. நாங்கள் சரிவில் கூத்தடித்ததில் படகுக்காரர்களுக்கு இருபது நிமிஷம் போயிருக்கிறது.

"ஆரம்பிக்கலாம்," என்றார் டாக்டர் மறுபடியும்.

பாலத்தில் ஆள் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். மணியை அடித்தேன். கம்பங்கள் இறங்கின. அப்போதுதான் வோபே கிழிந்த பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு சரிவேறி வந்தான், கம்பத்துக்கு அந்தப் பக்கம். கையை ஆட்டினான். ஒரு உருளைக்கிழங்கு விழுந்தது.

"மாப்ள! நில்லு! நானும் வரணும்! என் சீஸ்!"

மணி அடித்த பிறகு யாருக்காகவும் நிறுத்தக் கூடாது. அது விதி. பாலம் எழுந்தது. முதலில் அவன் கால் மறைந்தது, அப்புறம் மஞ்சள் சட்டை, அப்புறம் வாய்.

மூன்று படகும் போயின. கடைசிப் படகுக்காரர் தொப்பியைத் தூக்கினார். என் கை இறக்கும் விசைக்குப் போனது, பாதியில் நின்றது. தூரத்து வளைவில் நாலாவதாக ஒன்று வந்துகொண்டிருந்தது. சின்னப் படகு, காற்று இல்லாமல் பாயைச் சுருட்டிவிட்டு, கிழவனும் கிழவியும் ஆளுக்கொரு துடுப்பு. என்ன அவசரம் அவர்களுக்கு.

"கண்ணுக்குத் தெரியிற படகுக்கு நிக்கலாமா, வேணாமா?" என்றார் டாக்டர், கேள்வித்தாளைப் பார்ப்பதுபோல.

"பாலக்காரன் விருப்பம்."

அவர் வளைவைப் பார்த்தார். பாலத்துக்கு அப்பாலிருந்து வந்த வோபேவின் கத்தலைக் கேட்டார். அப்புறம் காகிதத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, என் மடியிலிருந்த சீஸின் மேல் வைத்தார்.

"திங்கக்கிழமை காலை ஆறு மணிக்கு வேலை. ஒத்துவருமா?"

"வரும்."

அவர் சுவரில் சாய்ந்து நின்று தன் பையிலிருந்து காப்பிக் குடுவையை எடுத்தார். அந்தக் கிழவர் துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு நாரையைக் கைகாட்டிக் கிழவிக்குக் காண்பித்துக்கொண்டிருந்தார். நான் விசையிலிருந்து கையை எடுத்தேன்.